பம்ப் கையேடு ஒன்றைத் திருத்தி, வடிவமைத்து, அச்சுக்கு அனுப்புவது எப்படி?

சிறிய நிறுவனங்களில் தொழில்நுட்ப எழுத்தாளரின் வேலை எழுதுவதோடு முடிவதில்லை. பொறியாளர் தரும் குறிப்பைத் திருத்துவது, பக்கம் அமைப்பது, படம் வாங்கிச் சேர்ப்பது, அச்சகத்தோடு பேசுவது எல்லாமே அவர் தலையில்தான் விழும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கம் தயாராகும் வீட்டு உபயோக மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்ப்பும் ஒரே உடலாக இருப்பது), 1 எச்பி, சிங்கிள் ஃபேஸ். அதன் பெட்டிக்குள் வைக்க ஒரு தமிழ்க் கையேடு வேண்டும். ஏ5 அளவு, 24 பக்கம், கறுப்பு மட்டும், நடுவில் பின் அடித்தது.

தொடங்கும் முன் ஒரு விதி. திருத்தம் முடிந்து, பொறியாளர் ஒப்புதல் தந்த பிறகே பக்க வடிவமைப்பு மென்பொருளைத் திறக்க வேண்டும். எழுத்துக் கோப்பில் ஒரு பத்தியை நீக்க ஒரு நொடி போதும். அதே பத்தியை வடிவமைத்த பக்கத்தில் நீக்கினால் படம் நகரும், பக்கம் நகரும், 'பக்கம் 14 பார்க்க' என்று எழுதியது பொய்யாகும். 'நேரம் இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம்' என்று சொல்லும் அலுவலகங்களில்தான் வேலை பாதிக்குப் பாதி வீணாவதைப் பார்க்கிறேன்.

யார், எப்போது திறப்பார்கள்?

இந்தக் கையேட்டுக்கு இரண்டு வாசகர்கள். பம்ப்பைப் பொருத்த வரும் பிளம்பர் அல்லது எலக்ட்ரீஷியன் ஒருவர். அவருக்குக் குழாய் அளவு, எர்த் இணைப்பு, ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது), கெப்பாசிட்டர் விவரம் வேண்டும். இன்னொருவர் வீட்டுக்காரர். அவர் கையேட்டைத் தேடுவது, மோட்டார் ஓடியும் தண்ணீர் வராத ஒரு காலை நேரத்தில். வரிசையாகப் படிக்க அவருக்குப் பொறுமை இருக்காது.

ஆகவே எழுதுவதற்கு முன்பே பக்கங்களைப் பங்கிடுங்கள். ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 24 பக்கம் வரும். அதில் பென்சிலால் எந்தப் பக்கத்தில் என்ன என்று எழுதுங்கள். அச்சகத்தில் இதை டம்மி என்பார்கள். பாதுகாப்பு 2 பக்கம், பாகங்கள் 2, பொருத்துதல் 8, இயக்குதல் 3 என்று போட்டுப் பார்த்தால் எது ஊதிப்போயிருக்கிறது என்று உடனே தெரியும். கோளாறு அட்டவணையைக் கடைசித் தாளில், திறந்ததும் கண்ணில் படும்படி வையுங்கள். கையேட்டிலேயே அதிகம் புரட்டப்படும் பக்கம் அதுதான். பல கையேடுகளில் அதை உத்தரவாதக் கூப்பனுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒடுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம்.

திருத்தம்: ஒரே மூச்சில் வேண்டாம்

1970களில் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் வெளியீட்டுப் பிரிவு, 'திருத்தம்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதை ஒன்பது வகையாகப் பிரித்தது. ஒரு ஆவணத்துக்கு அவற்றில் எவையெவை செய்யப்படும் என்பதற்கு ஐந்து நிலைகளையும் வகுத்தது. ஒன்பதையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரு வாசிப்பில் ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுங்கள். எண்ணைச் சரிபார்க்கும் கண்ணுக்கு ஒற்றுப்பிழை தெரியாது. ஒற்றுப்பிழை தேடும் கண்ணுக்கு விட்டுப்போன படி தெரியாது. நம் கையேட்டுக்கு நான்கு வாசிப்பு போதும்.

முதல் வாசிப்பு உண்மைக்கு. பொறியாளரை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேளுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம்? காற்றழுத்தக் கணக்குப்படி கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் வரை உறிஞ்ச முடியும். நடைமுறையில் குழாய் உராய்வு, சின்னச்சின்னக் கசிவு எல்லாம் போக ஏறக்குறைய 7 மீட்டர்தான். பொறியாளரின் குறிப்பில் இந்த இரண்டு எண்ணும் வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். இரண்டும் கையேட்டுக்குள் வந்துவிட்டால் பிளம்பர் தனக்கு வசதியானதைத்தான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் வாசிப்பு வரிசைக்கு. எச்சரிக்கை, அது காக்க வேண்டிய படிக்கு முன்னால் வர வேண்டும். 'பம்ப்பை இயக்குங்கள். குறிப்பு: தண்ணீர் நிரப்பாமல் இயக்கினால் மெக்கானிக்கல் சீல் கருகிவிடும்' என்று எழுதினால், குறிப்பைப் படிக்கும்போது சீல் (சுழலும் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் அடைப்பது) கருகியிருக்கும். ஒரு படியில் ஒரு செயல் மட்டும். தமிழில் 'மூடியைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, காற்று வெளியேறியதும் மூடியை இறுக்கி, ஸ்விட்சைப் போட்டு' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போக முடியும். கதைக்கு அது அழகு. கையேட்டில் அது நான்கு படி. நான்கு எண் கொடுத்து நான்கு வாக்கியமாக உடையுங்கள். விமானப் பராமரிப்புக்காக உருவான எளிய ஆங்கில விதித்தொகுப்பு, செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் ஒரு சொல்லே வேற்றுமை உருபையும் காலத்தையும் சுமப்பதால், நான் 10, 12 சொல்லைத் தாண்ட விடுவதில்லை.

மூன்றாம் வாசிப்பு மொழிக்கு. 'மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். யார் துண்டிப்பது, எங்கே? 'மெயின் ஸ்விட்சை அணையுங்கள்' என்று எழுதினால் கை தானாக அங்கே போகும். அப்புறம், 'அணையுங்கள்' என்றா 'அணைக்கவும்' என்றா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி, பக்கத்துக்குப் பக்கம் மாறக் கூடாது. பாகங்களின் பெயரும் அப்படித்தான். 3ஆம் பக்கத்தில் 'மூடி', 9ஆம் பக்கத்தில் 'கவர்', அட்டவணையில் 'உறை' என்று வந்தால் மூன்று வெவ்வேறு பாகம் என்றே வாசகர் நினைப்பார். ஒரு சொற்பட்டியல் தயாரித்து, கடையில் உதிரிபாகம் கேட்கும்போது மக்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதையே அதில் எழுதுங்கள். ஃபுட் வால்வுக்குப் புதுப் பெயர் சூட்டினால் கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

எச்சரிக்கைச் சொற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரநிலையில் நான்கு படிநிலை உண்டு. தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நிச்சயம் என்பது முதல் நிலை. நேரலாம் என்பது இரண்டாவது. சிறிய அல்லது நடுத்தரக் காயம் ஏற்படலாம் என்பது மூன்றாவது. ஆளுக்கு ஆபத்தில்லை, பொருளுக்குச் சேதம் என்பது நான்காவது. இவற்றுக்கு 'அபாயம்', 'எச்சரிக்கை', 'கவனம்', 'அறிவிப்பு' என்று வைத்துக்கொண்டால், எர்த் இல்லாத மோட்டார் முதல் இரண்டில் ஒன்றில் வரும். சீல் கருகுவது நான்காவதில் வரும். எல்லாவற்றுக்கும் 'எச்சரிக்கை' என்றே போட்டால் ஐந்தாவது பெட்டிக்குள் வாசகர் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

நான்காம் வாசிப்பு இயந்திரத்தனமானது: ஒற்று, நிறுத்தக்குறி, படி எண், பட எண், அலகு. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே பிரியாத இடைவெளி போடுங்கள். லிப்ரே ஆஃபிஸிலும் வேர்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். இல்லாவிட்டால் '230' ஒரு வரியின் கடைசியிலும் 'வோல்ட்' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் நிற்கும்.

எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் பிழைகள்

தமிழ் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலையில் மட்டும் இருக்கும் தொல்லைகள் சில உண்டு. பொறியாளர் தரும் பழைய கையேடு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு விசை ஒழுங்கையும் குறியீட்டையும் வைத்திருந்தது. எழுத்துருவை மாற்றினால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் படித்தே ஆக வேண்டும். மேற்கோள்குறி, அடைப்புக்குறி, டிகிரிக் குறி இவைதான் முதலில் கெடும்.

ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்த கோப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். 'பேட்டரி'யின் கடைசி எழுத்தை, ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு அதன்மேல் இகரக் கொக்கியை மாட்டி அடித்திருப்பார்கள். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. 'கௌ' என்ற எழுத்தைக் 'கெ', 'ள' என இரண்டாக அடித்திருப்பார்கள். 'எ' வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழாகிய '௭' உட்கார்ந்திருக்கும். தாளில் அச்சிட்டால் யாருக்கும் தெரியாது. பிடிஎஃப்பில் ஒருவர் 'பேட்டரி' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவி தடுமாறும். தேடு-மாற்று வசதியைக் கொண்டு இந்த மூன்றையும் திருத்தக் கட்டத்திலேயே களையுங்கள்.

எழுத்துரு தேர்வில் நிறைய யோசிக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை, தடிமன் வகைகளும் உண்டு. இந்தத் தடிமன் வகைகள் முக்கியம். எழுத்துருவில் தடித்த வகை இல்லாதபோது மென்பொருள் தானாகவே எழுத்தைத் தடிக்கவைக்கும். அப்போது 'ண', 'ஞ', 'ஐ' போன்றவற்றின் உள்சுழிகள் அடைபட்டுப்போகும். சாய்ந்த எழுத்தையும் தவிர்த்துவிடுங்கள், தமிழ் அச்சில் அதற்கென வளர்ந்த மரபு கிடையாது. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும்.

எந்த மென்பொருள்?

கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். 24 பக்கக் கையேட்டுக்கு லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரே தாங்கும். இலவசமாக முழு டிடிபி மென்பொருள் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. தமிழுக்கு அதன் 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ எடுங்கள், பழைய 1.4 தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காது. இன்டிசைன் இருந்தால் நல்லது. அதில் பத்தி ஸ்டைலின் (பெயரிட்டுச் சேமிக்கும் பத்தி அமைப்பின்) ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை (எழுத்தை வரிகளாகக் கோக்கும் கருவியை) வேர்ல்ட்-ரெடி வகைக்கு மாற்றிய பிறகே எழுத்தைக் கொட்டுங்கள். மாற்றாவிட்டால் 'கொ' எழுதிய இடத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய டிடிபி மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது, அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. உள்ளூர் அச்சகம் இன்னும் பேஜ்மேக்கர் கோப்பு கேட்டால் பிடிஎஃப் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பக்கம் அமைத்தல்

ஏ5 என்பது 148க்கு 210 மில்லிமீட்டர். உள் ஓரம் 18, வெளி ஓரம் 15 விட்டால் எழுத்துக்கு 115 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். பின் அடித்த புத்தகம் முழுக்கத் தட்டையாக விரியாது, அதனால்தான் உள் ஓரம் கூடுதலாக வேண்டும். இந்தக் கையேட்டைத் தரையில் விரித்து, ஒரு கையில் ஸ்பேனரோடு பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடல் எழுத்து 10.5 பாயின்ட், வரி இடைவெளி 16. ஆங்கிலக் கையேட்டின் அமைப்பை அப்படியே எடுத்து 10க்கு 12 என்று வைத்தால், மேல் வரியின் 'கூ', 'ஞு' ஆகியவற்றின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் 'கீ', 'தீ' ஆகியவற்றின் மேல்சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி என்பது தமிழுக்கு நல்ல தொடக்கம். தலைப்புகளிலும் இதை மறக்காதீர்கள், இரண்டு வரித் தலைப்பில்தான் மோதல் அசிங்கமாகத் தெரியும்.

இருபுறமும் நேராக்கும் ஆசையை விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், 'பொருத்தப்பட்டிருக்கிறதா' என்பது ஒரே சொல். வரியில் நான்கைந்து சொல்தான் இருக்கிறது என்றால், நேராக்கும்போது நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டிச் சரிசெய்யவே கூடாது. 'கெ', 'கா' ஆகியவற்றின் கொம்பும் காலும் தனியே பிரிந்து அநாதையாக நிற்கும்.

அடுத்தது ஸ்டைல்கள். புதியவர்கள் ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்துக் கையால் தடிக்கவைப்பார்கள். வேண்டாம். தலைப்பு 1, தலைப்பு 2, உடல், படி, எச்சரிக்கைப் பெட்டி, படக்குறிப்பு, அட்டவணை என ஏழு ஸ்டைல் உருவாக்குங்கள். எழுத்து முழுவதும் இந்த ஏழில் ஒன்றின் கீழ் வரட்டும். படி எண்கள் தானாக ஓடட்டும். நடுவில் ஒரு படி சேர்ந்தால் மற்றவை தாமாக மாறும், பொருளடக்கமும் தலைப்பு ஸ்டைல்களிலிருந்து தானாக உருவாகும். ஒவ்வொரு தலைப்புக்கும் அடுத்த பத்தியோடு சேர்ந்தே நிற்கும்படி அமைப்பு கொடுங்கள். பக்கத்தின் அடியில் தலைப்பு மட்டும் தனித்துத் தொங்கக் கூடாது. பக்க எண்ணும் மேல்வரியும், எல்லாப் பக்கத்திலும் தானாக வரும் மாஸ்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு செய்முறை முழுவதும் எதிரெதிர் இரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டால் மிக நல்லது. தண்ணீர் நிரப்பும் ஏழு படியில் ஐந்து இங்கே, இரண்டு தாளைத் திருப்பினால் என்று இருந்தால், ஈரக் கையோடு யாரும் திருப்ப மாட்டார்கள். இதற்காக ஒரு பக்கத்தில் பாதி வெள்ளையாக விட நேர்ந்தாலும் விடுங்கள். முதலாளி 'இடம் வீணாகிறதே' என்பார். விளக்கிச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். நம் கையேடு கறுப்பு மட்டும்தான். நிறமுள்ள கையேடாக இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பு சாம்பலாகிவிடும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். தடித்த கோட்டுப் பெட்டி, முக்கோணக் குறி, சொல் மூன்றும் சேர்ந்திருக்கட்டும்.

படங்கள்

புகைப்படத்தைவிடக் கோட்டுப்படம் நல்லது. மெல்லிய தாளில் ஒற்றை நிறத்தில் அச்சிட்ட புகைப்படத்தில் போல்ட் எது, நிழல் எது என்று தெரியாது. இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் வரைந்தால் எந்த அளவுக்கும் பிசிறில்லாமல் பெரிதாகும். புகைப்படம்தான் கிடைக்கும் என்றால், அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை வைத்துச் சமாளிக்காதீர்கள், அனுப்பும்போதே அது சுருங்கிவிடும்.

படத்துக்குள் பெயர்களை எழுதாதீர்கள். அம்பும் எண்ணும் மட்டும் போடுங்கள், பெயர்ப்பட்டியல் படத்துக்குக் கீழே இருக்கட்டும். நாளைக்கு இதே கையேடு தெலுங்கிலோ இந்தியிலோ வேண்டுமென்றால் படத்தைத் தொடாமல் பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

அச்சகத்துக்குப் போகும் முன்

சாதாரண பிரின்டரில் 100 சதவீத அளவில் எடுத்து, மடித்து, பின் அடித்து, ஒரு முழு நகல் செய்யுங்கள். அதை இந்த பம்ப்பைப் பார்த்திராத ஒருவர் கையில் பம்ப்போடு சேர்த்துக் கொடுத்து, பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் இணைப்பு வரும் படிகளில் எலக்ட்ரீஷியன் உடன் இருக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் குறிப்பு எடுங்கள். எந்தப் படியில் நின்றார், எங்கே திரும்பிப் படித்தார், எதைத் தாண்டிப் போனார்? 'இதுதானே அது?' என்று அவர் உங்களைப் பார்த்துக் கேட்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். இந்த ஒரு சோதனையைச் செலவு என்று கருதித் தவிர்க்கும் நிறுவனங்கள், சர்வீஸ் ஆள் அனுப்பும் செலவில் அதைக் கொடுக்கின்றன.

பின்பு மெய்ப்பு. இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் ஒப்புதலான எழுத்துக் கோப்பைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் அச்சு நகலில் பார்க்க வேண்டும். எண், அலகு, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய அச்சகங்களின் முறைதான், அதைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை. பொருளடக்கத்தின் பக்க எண்ணையும் 'பக்கம் பார்க்க' குறிப்புகளையும் கடைசியாக ஒருமுறை கையால் சரிபாருங்கள்.

அச்சகத்தில் பேசும்போது கேட்க வேண்டியவை: தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), அட்டை தனித் தாளா, ஓரம் வெட்டுவது எவ்வளவு, பிடிஎஃப்பில் எந்த வகை வேண்டும். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இருந்தாக வேண்டும். 24 என்பது ஒரு 16 பக்க ஃபாரமும் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் தொகுதி) ஒரு 8 பக்கமும். 25ஆவது பக்கம் வந்துவிட்டால் மூன்று வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள், அதனால் எழுத்தைச் சுருக்குங்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்க வேண்டும். பக்க விளிம்பைத் தொடும் பட்டையோ படமோ இருந்தால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி விடுங்கள், இதை பிளீட் என்பார்கள். எழுத்து 100 சதவீதக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நிறமுள்ள வேலையில் நான்கு மையும் கலந்த கறுப்பாக எழுத்து போய்விட்டால், பிளேட் (ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடு) துளி விலகினாலும் 'ஞ', 'ஜ' சுழிகள் இரட்டையாகத் தெரியும். பக்கங்களைத் தனித்தனியாக, வரிசையாகக் கொடுங்கள். பின் அடிப்பதற்கேற்ப 24ஐயும் 1ஐயும் சேர்த்து வைக்கும் வேலையை அச்சகத்தின் மென்பொருள் செய்துகொள்ளும். நீங்களே சேர்த்துக் கொடுத்தால் இரண்டு முறை சேர்ந்து குழம்பும்.

பிளேட் போடும் முன் அச்சகத்திலிருந்து ஒரு காகித நகல் கேட்டு வாங்குங்கள். திரையில் பார்த்து 'ஓகே' சொல்ல வேண்டாம். சில இடங்களில் பிடிஎஃப்பைக் கோரல்டிராவில் திறந்து ஏதாவது சரிசெய்வார்கள், அப்போது தமிழ் எழுத்துகள் சிதற வாய்ப்பு உண்டு. உயிர்மெய் எழுத்துகள், அட்டவணைகள், பக்க வரிசை மூன்றையும் அந்த நகலில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

புத்தகம் வந்த பிறகும் சில வேலைகள் உண்டு. பின்னட்டையின் மூலையில் பதிப்பு எண்ணும் மாதமும் ஆண்டும் இருக்கட்டும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது எந்தக் கையேட்டைப் பார்த்துப் பேசுகிறார் என்று அதை வைத்துத்தான் தெரியும். எழுத்துக் கோப்பு, வடிவமைப்புக் கோப்பு, எழுத்துருக்கள், படங்களின் மூலம், அச்சுக்குப் போன பிடிஎஃப், சொற்பட்டியல் எல்லாம் ஒரே கோப்புறையில், அதே பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். சர்வீஸ் பிரிவில் ஒருவரிடம் சொல்லிவைத்து, மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை மாதம் ஒருமுறை வாங்கி அதே கோப்புறையில் போட்டு வாருங்கள். அடுத்த பதிப்பின் திருத்த வேலையை அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.